பாவனை விமானமும் பழுது காணும் முறையும்

வீட்டில் மேசை முன் அமர்ந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் வாய்ப்பு இன்று பலருக்கும் கிட்டியிருக்கிறது. கணிப்பொறித் திரையில் ஓடுபாதை தெரிகிறது. கருவிப் பலகையில் முட்கள் அசைகின்றன. கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலெழுகிறது. இதனை நிகழ்த்தும் மென்பொருளைப் பறப்புப் பாவனை மென்பொருள் என்று நான் அழைக்கிறேன். உங்களுள் பலர் ஃபிளைட் சிமுலேட்டர் என்றே சொல்வீர்கள். பெயர் எதுவாயினும் ஆகுக. அம்மென்பொருள் நடுவானில் திடீரென நின்று, திரை வெறுமையாகி, இரண்டு மணி நேர உழைப்பு ஒரு நொடியில் மறைந்துபோவதைக் கண்டு வருந்தியவர்களும் உங்களுள் இருப்பீர்கள். அது அவ்வாறு முறிவது ஏன், முறிந்தால் காரணத்தைக் கண்டறிவது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

பாடம் நடத்திப் பழகிய ஒருவர் விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பேச வருவானேன் என்று நீங்கள் வினவலாம். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, இது வெறும் விளையாட்டாகத் தோன்றியது அன்று. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பிங்கம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையாரின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் பயன்பட்ட துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு, 1929 ஆம் ஆண்டில் தரையில் நின்றபடியே சாய்ந்து திரும்பும் ஒரு பயிற்சி விமானத்தை ஆக்கினார். தொடக்கத்தில் அதனைக் கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. 1934 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையின் விமானிகள் தபால் மூட்டைகளைச் சுமக்கும் பணியை மேற்கொண்டபோது, இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி போதாமையால் சில வாரங்களுக்குள் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அப்படையினர் லிங்க்கின் பொறிகளில் ஆறினை வாங்கினர். விளையாட்டுப் பொருள் என்று கருதப்பட்டது உயிர்காக்கும் கருவியாயிற்று.

அப்பொறியின் வழித்தோன்றலே உங்கள் மேசைமேல் இருப்பது. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆப்பிள் இரண்டாம் வகைக் கணிப்பொறிக்கென ஆக்கிய மென்பொருளே இவ்வகையில் வீட்டுக்குள் நுழைந்த முன்னோடி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982 ஆம் ஆண்டில் அதனைத் தன் பெயரில் வெளியிட்டது. அவ்வரிசையில் எஃப்.எஸ்.எக்ஸ். என்று சுருக்கமாக வழங்கும் பதிப்பு 2006 இலும், மற்றொரு பதிப்பு 2020 இலும், அதற்கடுத்தது 2024 இலும் வந்தன. ஆஸ்டின் மேயர் தொடங்கிய எக்ஸ்-பிளேன் என்பது மற்றொன்று. அதன் பன்னிரண்டாம் பதிப்பு 2022 இல் நிறைவுற்று வெளிவந்தது. விலையின்றிக் கிடைக்கும் ஃபிளைட்கியர் என்பதும் உண்டு.

இரண்டாவது விடையே முதன்மையானது. பழுது காணும் முறையைக் கற்றுக்கொள்வதற்கு இதனினும் நல்ல பயிற்சிக் களம் ஒரு மாணவனுக்குக் கிடைத்தல் அரிது. இங்கே எத்தனை முறை முறிந்தாலும் எவருக்கும் ஊறு இல்லை. சோதனையை எத்தனை முறை வேண்டுமாயினும் திரும்பச் செய்யலாம். ஆயினும் காரணமும் விளைவும் பிணைந்து கிடக்கும் சிக்கல் முற்றிலும் மெய்யானது.

முதலில் இம்மென்பொருளின் அமைப்பைச் சற்றே உணர்ந்துகொள்வோம். அடிப்படை மென்பொருள் ஒரு திருமண வீடு போன்றது. வீட்டுக்காரர் இடமும் மின்சாரமும் தருகிறார். பந்தல்காரர், விளக்கு அலங்காரம் செய்வோர், சமையற்காரர், ஒலிபெருக்கிக்காரர் ஆகியோர் வெளியிலிருந்து வந்து தத்தம் வேலையைச் செய்கின்றனர். அவ்வாறே புதிய விமானம், புதிய விமான நிலையம், மெய்யான வானிலையைக் கொணரும் நிரல், வானில் பிற விமானங்களைக் காட்டும் நிரல் எனப் பலவற்றை வெவ்வேறு ஆசிரியர்கள் ஆக்கி அளிக்கின்றனர். ஆட்-ஆன் என்று வழங்கும் இவற்றைத் துணைநிரல்கள் என்போம். ஒருவர் ஆக்கியதை மற்றவர் பார்த்திருக்கமாட்டார். ஒவ்வொன்றும் தனித்தனியே செம்மையாக இயங்கலாம். ஒருங்கு கூடியவிடத்துத் தொல்லை நேரலாம்.

திருமண வீட்டில் ஃபியூஸ் போய் விளக்குகள் அணைந்தால், அறிவுடைய மின்பணியாளர் சுவரை இடிக்கமாட்டார். எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு வீட்டு விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்ப்பார். எரிந்தால், வெளியாரின் இணைப்புகளைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார். எதனைச் சேர்த்தபோது மீண்டும் அணைகிறதோ அதன்மேல் ஐயம் கொள்வார். நான் சொல்லப்போகும் முறையின் சாரம் இவ்வளவே.

ஒரு துணைநிரலின் பிழை முழு மென்பொருளையும் வீழ்த்துவது ஏன்? பல துணைநிரல்கள் அடிப்படை மென்பொருளோடு ஒரே நினைவகப் பரப்பில் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று, தனக்கு உரிமையில்லாத ஒரு நினைவக முகவரியைப் படிக்கவோ அங்கு எழுதவோ முயன்றால், இயங்குதளம் அதனைப் பொறுத்துக்கொள்வதில்லை. எந்த அறையிலிருந்து அத்துமீறல் நேர்ந்தது என்று பார்த்து அவ்வறையை மட்டும் பூட்டும் வழக்கம் அதற்கு இல்லை, வீட்டையே மூடிவிடுகிறது. விண்டோஸ் இயங்குதளத்தில் இவ்வகை முறிவுக்கு ஒரு குறியீட்டெண் உண்டு. சி என்னும் ஆங்கில எழுத்து, அதன்பின் ஆறு சுழிகள், இறுதியில் ஐந்து. இவ்வெண்ணைக் கண்டால், எங்கோ ஒரு நிரல் தன் எல்லையைக் கடந்தது என்று கொள்க. கடந்தது எது என்பதை எண் மட்டும் சொல்லாது.

இனி, முறிவு எப்போது நிகழ்கிறது என்பதனைக் கவனித்தல் வேண்டும். காலமும் இடமும் காரணத்தின் திசையைக் காட்டும். மென்பொருளைத் திறக்கும்போதே நின்றுவிட்டால், அண்மையில் சேர்த்த துணைநிரலோ, பழுதுற்ற அமைப்புக் கோப்போ, புதுப்பிக்கப்பட்ட பதிப்புக்கு ஒவ்வாத பழைய நிரலோ காரணமாகலாம். ஒரு குறிப்பிட்ட விமானத்தைத் தெரிவு செய்தால் மட்டும் நின்றால், ஐயம் அவ்விமானத்தின் மேலது. எந்த விமானத்தில் சென்றாலும் ஒரே ஊரை அணுகும்போது நின்றால், அவ்வூரின் காட்சிக் கோப்புகளை ஆராய்க. இடமும் விமானமும் மாறியும் அரைமணி நேரம் கழித்து நின்றுகொண்டே இருந்தால், கணிப்பொறியின் வெப்பம், நினைவகம், கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் ஆகியவற்றின் மேல் கண் வைக்க வேண்டும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு, நிரலாசிரியரைக் குறை கூறுவோரும் உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

அடுத்து, சான்று தேடுதல். விமானங்களில் கறுப்புப் பெட்டி என்று ஒன்று இருப்பதை அறிவீர்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வானூர்தி ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டேவிட் வாரன் என்னும் அறிவியலார், விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவீடுகளையும் பறக்கும்போதே பதிந்து வைக்கும் பொறியை 1950களில் உருவாக்கிக் காட்டினார். விபத்துக்குப் பின் ஊகித்துக்கொண்டிராமல் பதிவைப் படித்து உண்மை காண்பதற்கு அது வழி செய்தது. உங்கள் மென்பொருளுக்கும் அத்தகைய பெட்டி உண்டு. எக்ஸ்-பிளேன் தன் முதன்மைக் கோப்புறையிலேயே லாக் என்னும் பெயருடைய எழுத்துக் கோப்பொன்றில், தன் செயல்களை வரிசையாக எழுதிவைக்கிறது. எந்தத் துணைநிரலை ஏற்றியது, எந்தக் கோப்பைத் தேடிக் காணாது திரும்பியது என்பனவெல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒன்றை மறவாதீர். மென்பொருளை மீண்டும் திறந்தவுடன் பழைய பதிவு அழிந்து புதியது தொடங்கிவிடும். ஆகவே முறிவு நேர்ந்ததும், மறுபடி திறக்கும் முன்னரே அக்கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்க.

விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்னும் பகுதி மற்றொரு பதிவேடு. முறிந்த மென்பொருளின் பெயர், முறிவு நேர்ந்த உட்பகுதியின் பெயர், முன்சொன்ன குறியீட்டெண், நேரம் ஆகிய நான்கும் அங்கே கிடைக்கும். இதனைப் படிக்குங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். முறிவு நேர்ந்த உட்பகுதி என்று காட்டப்படுவதே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடலாகாது. பல வேளைகளில் அங்கு விண்டோஸின் அடிப்படைக் கோப்பு ஒன்றின் பெயரே தோன்றும். தெருவில் ஒருவர் கல் தடுக்கி, பத்தடி தள்ளாடிச் சென்று, ஒரு கடை வாயிலில் விழுந்தார் என்று வையுங்கள். விழுந்த இடம் கடைவாயில். கல் கிடந்த இடம் வேறு. பதிவேடு விழுந்த இடத்தைக் காட்டுகிறது. கல்லைத் தேடுவது நம் பொறுப்பு.

தேடும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறேன். முதற்படி, முறிவைத் திரும்ப நிகழ்த்துதல். அதே விமானம், அதே ஊர், அதே வானிலை, அதே நேரம் என அமைத்து மீண்டும் பறந்து பாருங்கள். இருமுறை ஒரே இடத்தில் முறிந்தால், பழுது உங்கள் கைக்குள் அகப்பட்டுவிட்டது என்று மகிழலாம். திரும்ப நிகழ்த்த இயலாத பழுதைத் தீர்த்துவிட்டோம் என்று எவரும் உறுதி கூற இயலாது.

இரண்டாம் படி, எல்லாத் துணைநிரல்களையும் விலக்கி வைத்தல். மைக்ரோசாஃப்டின் 2020 ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளியார் ஆக்கங்கள் பெரும்பாலும் கம்யூனிட்டி என்னும் கோப்புறையில் இருக்கும். அதிலுள்ளவற்றை அழிக்க வேண்டா. வேறோர் இடத்திற்கு நகர்த்தினால் போதும். முறிவுக்குப் பின் அதனைத் திறக்கும்போது, துணைநிரல்களின்றி இயங்கும் பாதுகாப்பு நிலையை அதுவே முன்வைப்பதும் உண்டு. எக்ஸ்-பிளேனில் ரிசோர்சஸ் கோப்புறைக்குள் இருக்கும் பிளக்இன்ஸ் என்னும் உட்கோப்புறையைப் பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.எக்ஸில் அமைப்புகளைத் தாங்கிய கோப்புக்குப் பெயரை மாற்றி வைத்தால், அடுத்த முறை திறக்கையில் அது தானே புதிய கோப்பொன்றை ஆக்கிக்கொள்ளும். இவ்வளவும் செய்தபின், மென்பொருளோடு வந்த செஸ்னா 172 போன்ற எளிய விமானத்தில், மென்பொருளோடு வந்த விமான நிலையத்திலிருந்து பறந்து பாருங்கள். அப்போதும் முறிந்தால் துணைநிரல்கள் குற்றமற்றவை. கணிப்பொறியையும் அடிப்படை மென்பொருளையும் ஆராய்க. முறியாவிடில், குற்றம் விலக்கி வைத்தவற்றுள் இருக்கிறது.

மூன்றாம் படி, பாதிப் பாதியாகப் பிரித்தல். அறுபத்து நான்கு துணைநிரல்கள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அறுபத்து நான்கு முறை சோதிக்க நேரலாம். அதற்கு மாறாக, முப்பத்திரண்டை மட்டும் சேர்த்துப் பாருங்கள். முறிந்தால் குற்றவாளி அவற்றுள் இருக்கிறது; முறியாவிடில் மற்றப் பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மீண்டும் இரண்டாக்குங்கள். முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என ஆறே சோதனைகளில் விடை கிடைத்துவிடும். ஆயிரத்து இருபத்து நான்கு துணைநிரல்கள் இருப்பினும் பத்துச் சோதனைகளே போதும். வகுப்பில் இரண்டின் அடுக்குகளைப் படித்தபோது இதனால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இதுவே மறுமொழி.

இம்முறைக்கு ஒரு விலக்கு உண்டு. முதற்பாதி தனியே செவ்வனே இயங்குகிறது, இரண்டாம் பாதியும் தனியே இயங்குகிறது, சேர்ந்தால் முறிகிறது. இந்நிலையில் குற்றவாளி ஒன்றன்று, இரண்டின் பகை. ஒரு பாதியில் ஒன்றும் மற்றதில் ஒன்றும் ஒன்றையொன்று ஒவ்வாது நிற்கின்றன. அப்போது முதற்பாதியை முழுமையாக வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் பிரித்துச் செல்லுங்கள். அங்கே ஒன்று அகப்படும். பின்னர் அவ்வொன்றை நிறுத்திக்கொண்டு முதற்பாதியைப் பிரித்துச் செல்லுங்கள். அதன் பகையும் அகப்படும்.

சேர்ந்தால் மட்டும் தோன்றும் பழுதுக்கு நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என்னிடம் பயின்று, இப்போது பொறியியற் கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவர், பழைய கணிப்பொறி ஒன்றைச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியிருந்தார். அதில் பழைய காலத்துப் பாவனை மென்பொருள் ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரம் பறப்பார். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் வேளையில் முறிந்துவிடும். “ஐயா, இன்னும் எட்டு ஜிகாபைட் நினைவகம் வாங்கிப் போட்டால் சரியாகும் என்கிறார்கள். அப்பா இனிமேல் இதற்குக் காசு தரமாட்டேன், விற்றுவிடு என்கிறார்” என்று வந்து நின்றார். வாடகை வண்டி ஓட்டிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தந்தையின் சொல்லில் தவறு காண்பதற்கில்லை. “வாங்குவதும் விற்பதும் இருக்கட்டும், தம்பி. நான்கு முறை பறந்து, நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வா” என்றேன்.

அந்நான்கு பறப்புகளும் இவை. மஸ்கட்டிலிருந்து துபாய்க்குக் குறுகிய பறப்பு: முறியவில்லை. சென்னையிலிருந்து, துணைநிரல் சேர்க்கப்படாத தோஹா நிலையத்திற்கு நெடும் பறப்பு: முறியவில்லை. சென்னையிலிருந்து துபாய்க்கு நெடும் பறப்பு, இரு முறை: இரு முறையும் முறிந்தது. நோட்டைப் பார்த்தவுடனேயே பாதி விடை தெரிந்துவிட்டது. துபாய் நிலையத்தின் துணைநிரல் தன்னளவில் கெட்டதன்று. நெடும் பறப்பும் தன்னளவில் கெட்டதன்று. இரண்டும் கூடினால் மட்டுமே முறிகிறது. ஆதலின் பறக்கும் நேரம் முழுதும் ஏதோ ஒன்று சிறுகச் சிறுகச் சேர்கிறது. இறுதியில் பெரிய நிலையம் ஒன்றின் சுமை அதன்மேல் விழும்போது எல்லை கடக்கிறது. மென்பொருள் பிடித்து வைத்திருக்கும் நினைவகத்தின் அளவை அரைமணிக்கு ஒருமுறை குறித்து வரச் செய்தபோது, அது ஏறிக்கொண்டே சென்று, இறுதியில் நான்கு ஜிகாபைட்டை நெருங்கியது புலனாயிற்று.

நான்கு என்னும் அந்த எல்லை எங்கிருந்து வந்தது? ஓர் ஊரில் வீட்டு எண்களுக்கு நான்கு இலக்கங்கள் மட்டுமே அனுமதி என்று வையுங்கள். சுழி முதல் 9,999 வரை பத்தாயிரம் வீடுகளுக்கே கடிதம் சேரும். அதற்கு மேல் எத்தனை வீடுகள் கட்டினாலும் அஞ்சல்காரர் அறியமாட்டார். 32 பிட் மென்பொருள் நினைவக முகவரியை முப்பத்திரண்டு இரும இலக்கங்களால் எழுதுகிறது. இரண்டின் முப்பத்திரண்டாம் அடுக்கு 4,29,49,67,296. அத்தனை பைட்டுகளே, அதாவது நான்கு ஜிகாபைட்டே, அதன் உலகம். கணிப்பொறியில் எட்டுக்குப் பதில் பதினாறு ஜிகாபைட் பொருத்தினாலும் அம்மென்பொருள் அதனைக் காணாது. மாணவர் பணம் செலவிட்டிருந்தால் அது வீணாகியிருக்கும். எஃப்.எஸ்.எக்ஸ். உட்பட அக்காலத்து மென்பொருள்கள் 32 பிட் அமைப்பினவே. எக்ஸ்-பிளேன் 2013 ஆம் ஆண்டிலும், லாக்கீட் மார்ட்டின் நிறுவனத்தின் பிரிப்பேர்-த்ரீ-டி 2017 ஆம் ஆண்டிலும் 64 பிட் அமைப்புக்கு மாறியபின் அவ்விடர் நீங்கியது.

தீர்வு பணமின்றியே அமைந்தது. துபாய் நிலையத்தின் மேற்பரப்புப் படங்கள் ஒரு பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் உடையன. அதனை 1,024 ஆக்கினால், பக்கம் நான்கில் ஒன்றாகும். பரப்பு பதினாறில் ஒன்றாகும். இவ்வொரு மாற்றத்தை மட்டும் செய்து பறந்தார், விமானம் தரையிறங்கியது. அத்துடன் நிறுத்தவில்லை. மீண்டும் 4,096 ஆக்கிப் பறக்கச் சொன்னேன், முன்போலவே முறிந்தது. இவ்விரண்டாவது சோதனை இன்றியமையாதது. இல்லையேல் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக முடியலாம். செய்ததை நீக்கினால் பழுது திரும்புகிறது, மீண்டும் செய்தால் பழுது நீங்குகிறது என்று காட்டிய பின்னரே காரணம் கண்டோம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும். அந்த நோட்டுப் புத்தகத்தைத் தந்தையிடமும் காட்டினார். கணிப்பொறி விற்கப்படவில்லை.

முறிவு நேராமலே தொல்லை தரும் பழுதுகளும் உண்டு. விமான நிலையத்தில் கட்டடங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நின்றால், ஒரே நிலையத்திற்கு இரண்டு காட்சித் துணைநிரல்கள் இருக்கக்கூடும். எக்ஸ்-பிளேனில் காட்சிப் பொதிகளின் வரிசையைக் குறிக்கும் கோப்பு ஒன்று உண்டு. அதில் மேலே இருப்பதற்கே முன்னுரிமை. வரிசை மாறினால் காட்சியும் மாறும். கட்டடங்களே தோன்றாவிடில், அந்நிலையம் வேறொரு பொதுப் பொருட்களஞ்சியத்தைச் சார்ந்திருக்கலாம். அதனையும் நிறுவியாக வேண்டும். எந்தக் களஞ்சியம் இல்லை என்பதை லாக் கோப்பு பெயர் கூறியே உரைக்கும். மைக்ரோசாஃப்டின் 2020 ஆம் ஆண்டுப் பதிப்பில் தரை மங்கலாகத் தெரிந்தால், துணைநிரலைக் குறை கூறுமுன் இணையத் தொடர்பின் விரைவைப் பாருங்கள். நிலப்படங்களைப் பறக்கும்போதே அது தொலைவிலிருந்து தருவித்துக்கொள்கிறது. விமானம் தானே ஒரு பக்கம் சாய்ந்தால், இரண்டு கருவிகளுக்கு ஒரே பணி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று நோக்குங்கள். ஒருவர் இடப்புறமும் ஒருவர் வலப்புறமும் இழுத்தால் வண்டி எங்ஙனம் நேரே செல்லும்?

செய்யத் தகாதன மூன்று. ஒன்று, காரணம் அறியாமல் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுதல். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது அது. அதே துணைநிரல்களை மறுபடி சேர்த்தவுடன் அதே எலியும் வந்து சேரும். இரண்டு, ஒரே நேரத்தில் ஐந்தாறு மாற்றங்களைச் செய்தல். பழுது நீங்கினாலும் நீக்கியது எது என்று தெரியாது. கூடினாலும் கூட்டியது எது என்று தெரியாது. மூன்று, முன்பின் அறியாத தளங்களிலிருந்து கோப்புகளை இறக்கிக்கொள்ளுதல். விலைக்குரிய துணைநிரலைக் களவாகப் பெறுதல். அதற்கென வைரஸ் காப்பு நிரலை நிறுத்தி வைத்தல். விலைக்கு விற்கப்பட்ட ஒரு விமானத் துணைநிரலின் நிறுவற் கோப்புக்குள்ளேயே, கள்ளப் பதிப்பைப் பயன்படுத்துவோரின் கடவுச்சொற்களைத் திரட்டும் நிரல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது 2018 ஆம் ஆண்டில் வெளிப்பட்டுப் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. விலை கொடுத்து வாங்குமிடத்தே இவ்விழிப்பு வேண்டுமெனில், களவுப் பொருளில் எத்தகைய பொறி இருக்குமென்று எண்ணிப் பாருங்கள்.

காரணம் அறியாமல் மாற்றம் செய்வதன் தீங்கை விமான வரலாறே நமக்குக் காட்டியிருக்கிறது. உலகின் முதல் ஜெட் பயணி விமானமாகிய காமெட், 1954 ஆம் ஆண்டு ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பாத் தீவருகே கடலில் சிதறி விழுந்தது. அதில் இருந்த 35 பேரும் மாண்டனர். அவ்வகை விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. காரணம் இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று கருதிப் பல பகுதிகளில் மாற்றங்கள் செய்தனர். மார்ச் மாதத்திலேயே மீண்டும் பறக்கவிட்டனர். ஏப்ரல் 8 அன்று மற்றொரு காமெட் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலில் வீழ்ந்தது. மேலும் 21 பேர் உயிரிழந்தனர். செய்த மாற்றங்கள் பல. உண்மைக் காரணத்தைத் தொட்டது ஒன்றுமில்லை.

அதன்பின் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தார் வேறு வழியில் சென்றனர். ஒரு முழு விமானத்தின் உடலை நீர்த்தொட்டிக்குள் வைத்து, உயரப் பறக்கும்போதும் இறங்கும்போதும் நேரும் அழுத்த மாற்றத்தைத் திரும்பத் திரும்ப அதன்மேல் செலுத்தினர். முன்னர்ப் பறந்தவற்றையும் சேர்த்து 3,057 பறப்புகளுக்கு ஒப்பான அழுத்தத்துக்குப் பின் அதன் உடல் பிளந்தது. அழுத்தம் குவியும் திறப்பின் மூலையில், உலோகச் சோர்வினால் தோன்றிய வெடிப்பு அது. முறிவைத் திரும்ப நிகழ்த்தினர், மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றினர், எண்ணிக்கையைக் குறித்தனர். அதன் பயனை அடுத்து வந்த ஜெட் விமானங்களின் வடிவமைப்பாளர்கள் யாவரும் பெற்றனர்.

நண்பர்களே, உங்கள் மேசைமேல் நிகழும் முறிவில் எவரும் மாள்வதில்லை. ஆனால் நாளை உங்களுள் ஒருவர் விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் நிற்பீர்கள். ஒருவர் மருத்துவமனையில் நோயாளியின் அருகே நிற்பீர்கள். ஒருவர் ஊருக்கு மின்சாரம் தரும் நிலையத்தில் நிற்பீர்கள். அங்கே பழுது தோன்றும்போது, கை பதறி ஐந்து விசைகளை ஒருங்கே திருப்புவதா, அல்லது நோட்டை எடுத்து முதலில் என்ன நிகழ்ந்தது என்று எழுதுவதா என்பதை, இன்று நீங்கள் பழகும் பழக்கமே தீர்மானிக்கும். ஆதலின் அடுத்த முறை உங்கள் பாவனை விமானம் நடுவானில் நின்றுபோனால், மறுபடி திறக்கும் முன் பதிவேட்டின் நகலை எடுங்கள். நாளும் நேரமும் இட்டு முதல் வரியை எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.